கட்டுக்குள் வந்த தீ அணைந்த தீயா?

காட்டுத்தீச் செய்திகளில் '40 சதவீதம் கட்டுக்குள் வந்தது' என்று படித்ததும், பாதிக்குச் சற்றுக் குறைவாக அணைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அப்படியல்ல. எரியும் பரப்பின் சுற்றெல்லையில் 40 சதவீத நீளத்துக்குத் தீ தாண்டாதபடி தடுப்பு அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் அது செடிகொடிகளை வெட்டி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டிய பாதை. நம் வனத்துறை வெட்டிவைக்கும் தீத்தடுப்புக் கோடும் இதே வகைதான். கோட்டுக்கு உள்ளே எவ்வளவு எரிகிறது என்பதைச் சதவீதம் சொல்லாது.

இந்த வேறுபாட்டின் விலை என்னவென்று லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெரியும். 2025 புத்தாண்டு பிறந்த சற்று நேரத்தில் பசிபிக் பாலிசேட்ஸ் குன்றுகளில் 'லாக்மன் தீ' பற்றியது. சுமார் 8 ஏக்கரோடு மடக்கி, கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் மண்ணுக்கடியில், புதர்களின் வேர்களில் நெருப்பு கனன்றுகொண்டே இருந்தது என்பது அமெரிக்க மத்திய அரசுப் புலனாய்வாளர்களின் முடிவு. மேலே புகைகூடத் தெரியாமல் நாள்கணக்கில் கிடந்து திரும்பக் கிளம்பும் இதைப் பதுங்கு தீ எனலாம். இதற்காகத்தான் கோடு போட்டபின் இன்னொரு வேலை இருக்கிறது: மண்ணைக் கிளறி, தண்ணீர் விட்டு, வெறுங்கையால் சூடு பார்த்துத் தணலை அவிப்பது. சலிப்பான வேலை, எந்தத் தொலைக்காட்சியும் அதைக் காட்டுவதில்லை.

ஜனவரி 7. வானிலைத் துறையின் செங்கொடி எச்சரிக்கை அமலில் இருந்தது. தீ பிடித்துவிட்டது என்பதல்ல இதன் பொருள். காற்றும் வறட்சியும் கூடியிருப்பதால் ஒரு பொறி விழுந்தாலும் பரவும் என்பது. உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து மலையிறங்கிக் கடலை நோக்கி வீசும் சாந்தா ஆனா காற்று, பதுங்கியிருந்ததை எழுப்பியது. கங்குகள் பறந்து முன்னால் விழுந்து புதிது புதிதாகப் பற்றின. இந்தத் தெறிப்புத் தீக்கு முன் எந்தக் கோடும் நிற்காது. 23,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 6,800-க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. 12 பேர் இறந்தனர். 100 சதவீதம் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்க ஜனவரி 31 ஆனது.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'கட்டுக்குள்' என்று போடும்போது, இன்னும் அணையவில்லை என்பதையும் கூடவே எழுதுங்கள்.