பூமிக்கடியில் உள்ள ஜலமும் கோர்ட்டுக் கணக்கும்

காவிரி வழக்கில் 2018ம் வருஷம் பிப்ரவரி 16ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பை நமது நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடகம் விட வேண்டுமென்று 2007ல் நடுவர் மன்றம் விதித்த 192 டி.எம்.சி., அத்தீர்ப்பினால் 177.25 ஆயிற்று. குறைந்துபோன 14.75ல் 4.75 பெங்களூரின் தாகத்துக்காக. மீதி 10 டி.எம்.சி.க்குக் கூறப்பட்ட காரணம் யாது? தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையின் பூமிக்கடியில் 20 டி.எம்.சி. ஜலம் உண்டு; அதில் பாதியைக் கணக்கில் சேர்க்கலாம் என்பதே!

ஆகவே நன்னிலம் விவசாயியின் குழாய்க் கிணறு இனி அவருடைய சொந்த விஷயமன்று. கணக்கில் ஏறிய அந்த ஜலம் நெல்லுக்கு ஏற்றதா, கிழக்கே கடல் உப்பு அதில் கலந்துவிட்டதா என்று அறிய வேண்டியது நமது பொறுப்பு.

கொங்கு நாட்டார் கவலை பூட்டி ஆழ்கிணற்றில் இறைத்தார்கள். முடிகொண்டான் ஆறும் திருமலைராஜன் ஆறும் பாயும் இச்சீமையிலோ, வாய்க்கால் ஜலத்தை மேட்டு வயலுக்கு ஏற்ற ஏற்றமும் இறைகூடையும் போதுமாயிருந்தன. பிறகு மணற்படுகையில் இறக்கும் வடிமுனைக் குழாய்களும் மோட்டார்களும் வந்தன. இறைப்பது எளிதாயிற்று; இறைத்ததைச் சோதிப்பதில்தான் நாம் அசிரத்தையாயிருக்கிறோம்.

பலர் செய்வதென்ன? மோட்டாரைப் போட்டதும் வரும் முதல் ஜலத்தைக் கையில் கிடைத்த புட்டியில் பிடித்து அனுப்புகிறார்கள். அது பல நாள் குழாயில் தேங்கிய ஜலம், பூமியின் ஜலமன்று. குழாயில் நிற்பதைப் போல் மும்மடங்காவது இறைத்துக் கொட்டிய பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயில் 6 மீட்டர் உயரம் ஜலம் நின்றால் அது சுமார் 47 லிட்டர். கொட்ட வேண்டியது 140 லிட்டர். பெரும் நஷ்டமொன்றுமில்லை!

மோட்டார் இல்லாத சோதனைக் கிணறுகளுக்கு மொள்ளுகுழல் என்னும் சாதனம் உண்டு. நீண்ட குழல், அடியில் ஒரு குண்டு. கயிற்றில் இறக்கும்போது ஜலம் குண்டைத் தூக்கி உள்ளே நுழைகிறது. ஏற்றும்போது குண்டு அமர்ந்து வாயை அடைத்துக்கொள்கிறது. கவலைச் சாலின் வாலை மடித்துப் பிடித்த நம் முன்னோருக்கு இத்தத்துவம் புதிதாய்த் தோன்றியிராது.

பாசன ஜலத்தின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்குமென்று உலக உணவு விவசாய ஸ்தாபனம் கூறுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் சோதனைக் கிணறுகளில் வருஷத்துக்கு 4 முறை நீர்மட்டம் அளக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் மாறும் உப்பை அச்சில கிணறுகள் மட்டும் காட்டிவிடுமா? நன்னிலம் தாலுகாவின் விவசாய சங்கங்கள் வருஷந்தோறும் மே மாதத்தில், மேட்டூர் திறக்குமுன், ஊருக்கு நான்கு கிணறுகளிலாவது முறைப்படி மாதிரி எடுத்து, விவசாய இலாகாவின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். கிணறு இருக்கும் இடம், ஆழம், தேதி, எவ்வளவு நேரம் இறைத்த பின் எடுத்தது ஆகியவற்றைப் புட்டியின் மேலேயே எழுதி, அதன் பிரதியைச் சங்கத்தின் தினசரிக் குறிப்பிலும் பதிந்து வைக்க வேண்டும்.