மீன் திருடன் என்றொரு பறவை

திருகோணமலையின் அன்புவழிபுரம் என்ற ஊர்ப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: அன்பு, வழி, புரம். மூன்று சொல், நடுவே உருபு ஏதும் இல்லை. திருகோணமலைக் கோட்டையில் நூறாண்டுக்கு மேல் இருந்த ஒல்லாந்தரும் சொற்களை இப்படித்தான் ஒட்டுவார்கள்.

இலங்கைக்கு வலசை வரும் ஆலாப் பறவை ஒன்றை அவர்கள் ‘விஸ்டீஃப்’ என்பார்கள். விஸ் என்றால் மீன், டீஃப் என்றால் திருடன். ஆங்கில ஃபிஷ், தீஃப் இரண்டுக்கும் இவை கூடப்பிறந்தவை. நம் மீன்கொத்தியும் அதே அச்சில் வார்த்ததுதான். மீனைக் கொத்துவது மீன்கொத்தி, மீனைத் திருடுவது விஸ்டீஃப். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். துறைமுகப் பக்கம் காணக் கிடைக்கும் மஞ்சள் அலகுக்காரன் ‘கௌஃப்ஸ்டெர்ன்’. கௌஃப் கொண்டை, ஸ்டெர்ன் ஆலா. தமிழிலும் அது கொண்டை ஆலாதான். இந்த ‘ஸ்டெர்ன்’ போன்ற வடகடல் நாட்டுப் பெயரிலிருந்துதான் இயற்கை அறிஞர் லின்னேயஸ் ஆலா இனத்துக்கு ‘ஸ்டெர்னா’ என்று பெயர் வைத்தார்.

சரி, விஸ்டீஃப் எதைத் திருடுகிறது? அலைக்குச் சற்று மேலே, சிறகை அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். அலகு நேர் கீழே பார்க்கும். கண்ணில் மீன் பட்டதும் சிறகை ஒடுக்கிக்கொண்டு தலைகுப்புற விழும். மறுகணம் வாயில் வெள்ளியாய் ஒரு நெத்தலி. உடல் எடை நூறு கிராமுக்குச் சற்று மேல்தான். பிழைப்புக்கு இவ்வளவு உழைப்பு. கூடு வைக்கும் காலத்தில் ஒன்றிடம் ஒன்று பறிப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆலாவைத் துரத்தித் துரத்தி, அது பிடித்த மீனைக் கீழே போட வைத்துப் பிடுங்கித் தின்னும் வேறொரு கடற்பறவை இருக்கிறது. அதற்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ‘யாகர்’, அதாவது வேட்டைக்காரன். உழைப்பவன் திருடன், பிடுங்குபவன் வேட்டைக்காரன்! கடலில் ஆலாக் கூட்டம் இறங்கும் இடத்தில் மீன் இருக்கும் என்று வள்ளத்தைத் திருப்புகிற எவரும் இந்தப் பெயரை ஒப்பமாட்டார்.

ஒல்லாந்தர் 1795இல் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். அவர்கள் சொல்லில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ நம்மிடம் தங்கியது. ‘கக்’ என்ற மலமும் ‘ஹௌஸ்’ என்ற வீடும் ஒட்டிய கக்கூசும் தங்கியது. விஸ்டீஃப் தங்கவில்லை. நமக்கு அது ஆலாதான்.