சுழல மறுக்கும் சிலிண்டர்

லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரிவால்வரை ஒரு துளி கரி நிறுத்திவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதைச் சரிசெய்யக் கிளம்பும் கைகள்.

முதல் நான்கு தோட்டாக்கள் ஒழுங்காகப் பாய்கின்றன. ஐந்தாவதற்கு விசையை இழுத்தால் விரல்தான் வலிக்கிறது. சிலிண்டர் அசைவதில்லை. இடது கையால் லேசாகத் திருப்பிவிட்டால் மறுபடி வேலை செய்கிறது. அடுத்த முறை எப்போது நிற்கும் என்று உடைமையாளருக்குத் தெரியாது. தற்காப்புக்கென்று உரிமம் வாங்கியவருக்கு இதைவிட மோசமான நிலை இல்லை. அடியோடு பழுதான ரிவால்வரை நம்பி யாரும் வெளியே போகமாட்டார்கள். அரைகுறையாக வேலை செய்வதைத்தான் நம்பிப் போவார்கள்.

நாட்டிலேயே அதிகத் துப்பாக்கி உரிமங்கள் உள்ள மாநிலம் உத்தரப் பிரதேசம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் உரிமங்கள். அதில் உ.பி.யின் பங்கு 12.77 லட்சம். அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் தயாரித்த .32 ரிவால்வரும் அந்த மாநிலத்தின் கான்பூரில்தான் பிறந்தது. பழைய பிரிட்டிஷ் வெப்லியின் வாரிசு அது. நடுவில் மடித்துத் திறக்க வேண்டும். திறந்ததும் காலித் தோட்டாக்கள் தாமாக எழும்பி விழும்.

இந்த ஆயுதங்களில் பெரும்பாலானவை சுடப்படுவதே அபூர்வம். பீரோவில், தோல் உறைக்குள் உறங்குகின்றன. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் பலர் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க நேரிடுகிறது. அது அங்கே வாரக்கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்புகிறது. வாங்கி வந்தவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். விசையை இழுக்கும்போது அதோடு இணைந்த ஒரு சிறு நெம்புகோல் மேலெழும்பி, சிலிண்டரின் பின்பக்கமுள்ள பற்களில் ஒன்றைத் தள்ளுகிறது. துப்பாக்கி மெக்கானிக்குகள் இதைக் ‘கை’ என்பார்கள். ஆறு அறை கொண்ட சிலிண்டர் 60 டிகிரி நகர்கிறது. கீழிருந்து ஒரு தடை எழுந்து பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. அதன் பிறகே சுத்தியல் விழ வேண்டும். தள்ளுதல், நிறுத்துதல், தடையின்றிச் சுழலுதல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று தவறினால்தான் சிலிண்டர் முரண்டு பிடிக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கு. தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள்கள் இரண்டு சிக்கினால் போதும், தகடு தன் இடத்தில் படியாது. அது மயிரிழை உயர்ந்து நிற்க, தோட்டாக்களின் பின்பக்கம் சட்டத்தில் உராயும். காலியாக இருக்கும்போது அருமையாகச் சுழன்று, தோட்டா போட்டதும் இறுகுகிறதென்றால் இந்தத் தகட்டடியையோ தோட்டாக்களையோதான் பார்க்க வேண்டும். தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் சற்றே துருத்தியிருந்தாலும் இதே கதைதான். மடித்துத் திறக்கும் ரகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அரைகுறையாகத் திறந்தால் காலித் தோட்டா ஒன்று தகட்டுக்குக் கீழே நழுவி உட்கார்ந்துகொள்ளும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஒன்றிரண்டு தாள் தடிமனுள்ள இடைவெளி இருக்கிறது. சுடச்சுடக் கரியும் ஈயமும் அங்கே படியும். குளிர்ந்திருக்கும்போது சரியாகச் சுழன்று, சில ரவுண்டுகளுக்குப் பிறகு இறுகுவது இதன் அடையாளம். தேங்காய் எண்ணெயோ கடுகு எண்ணெயோ போட்டுத் துடைப்பவர்கள் விபரீதத்தை விலைக்கு வாங்குகிறார்கள். தாவர எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். மெல்லிய இயந்திர எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு, போதும்.

சுத்தம் செய்தும் சிலிண்டர் சில சமயம் நின்றால், ‘கை’யை முன்னே தள்ளும் வில் தளர்ந்திருக்கலாம். காலித் துப்பாக்கியின் வாயை மேலும் கீழும் திருப்பிப் பிடித்து இயக்கும்போது நடத்தை மாறினால் சந்தேகம் வலுக்கும். ‘கை’யின் நுனி தேய்ந்திருந்தால் கதை வேறு. சுத்தியலை மெதுவாகப் பின்னிழுக்கும்போது சிலிண்டர் பூட்டிக்கொள்ளாமல் சற்று முன்பே நின்றுவிடும். அந்த நிலையில் சுட்டால் குண்டு குழலின் நடுவில் நுழையாமல் விளிம்பில் உரசும். சீவப்பட்ட ஈயம் பக்கவாட்டில் தெறித்து, சுடுபவரையோ அருகில் நிற்பவரையோ தாக்கும். (திரைப்பட நாயகர்கள் சிலிண்டரை விரலால் சுழற்றி ‘படார்’ என்று மூடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தத் தேய்மானத்தைச் சீக்கிரமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.)

ஆனால் உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. பழைய, ஈரம் பட்ட தோட்டா ‘டப்’ என்று மெலிதாகச் சத்தமிட்டு, குண்டு குழல் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. பாதி குழலில், பாதி சிலிண்டரில். சிலிண்டர் சுழலாது. பலவந்தமாகத் திருப்பி அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். சத்தம் வித்தியாசமாக இருந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். சத்தமே வராவிட்டாலும் பாதுகாப்பான திசையை நோக்கியபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. தோட்டாக்களோடு இறுகிப்போன ரிவால்வரைச் சுத்தியால் தட்டித் திறக்க முயல்வது விஷப்பரீட்சை.

பழுது பார்ப்பது யார் என்பதிலும் சட்டம் குறுக்கே வருகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிகளைத் தொழிலாகப் பழுது பார்க்கத் தனி உரிமம் வேண்டும். துடைத்து எண்ணெய் போடுவதோடு உடைமையாளரின் வேலை முடிகிறது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுக்கக் கூடாது. அரத்தால் ‘கை’யை இழைப்பது சுலபம். இழைத்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

ரகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2014இல் கான்பூரிலிருந்து அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ வந்தது, விலை 1,22,360 ரூபாய். 2023இல் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ அறிமுகமானது. பக்கவாட்டு ரகத்தில் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்தாலோ, நடுத் தண்டு கழன்று நீண்டாலோ சிலிண்டர் இறுகும், சில நேரம் திறக்கவே மறுக்கும். மற்றபடி பழைய ரகத்துக்குச் சொன்ன சோதனையேதான்: எல்லாத் தோட்டாக்களையும் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரின் மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தியபடி சுத்தியலை மெதுவாக இழுத்து, ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பது. ஐந்து பூட்டி ஒன்று பூட்டாவிட்டாலும் ரிவால்வர் கடைக்குப் போக வேண்டியதுதான்.