தண்ணி வத்தின ஏரிக்கு யார் வர்றாங்க?

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஏரி. (பேர் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.) முக்கால்வாசி வத்திப் போயிருந்தது. கரை மேல் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, தண்ணியே இல்லாத ஏரியில என்னத்தப் பாக்கறீங்க?"

நியாயமான கேள்வி. நானே ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பறவை பார்க்கணும்னா ஏரி நிறைந்திருக்கணும், இல்லையா? மழை வந்ததும் போவேன். நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி எல்லாம் பார்த்துவிட்டு வருவேன். ஏரி வத்த ஆரம்பித்ததும் 'சீசன் முடிஞ்சது' என்று பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காலும் அலகும் தீர்மானிக்கிற கணக்கு

நீர்ப்பறவைகளைப் படம் பார்த்து அடையாளம் பிடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழத்தில் சாப்பாடு?

ஆழமான தண்ணீரில் முங்கி மீன் பிடிப்பவை நீர்க்காகமும் முக்குளிப்பானும். இவற்றுக்கு ஏரி நிறைந்திருந்தால் கொண்டாட்டம். அடுத்தது நம்ம ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் வாத்து வகைகள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து. இவை பெரும்பாலும் முங்குவதில்லை. ஊசிவால் வாத்து தலையைக் கீழே, வாலை மேலே வைத்துக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் வரைக்கும் அடியில் துழாவும். முழங்கால் அளவுத் தண்ணீரைத் தாண்டினால் அடிமண் அதற்கு எட்டாது. ஆண்டி வாத்துக்குக் கரண்டி மாதிரி அகன்ற அலகு. அதன் ஓரத்தில் சீப்பு போல ஒரு வடிகட்டி. மேல்மட்டத் தண்ணீரைச் சலித்தே வயிறு நிரப்பிக்கொள்ளும்.

அதற்கும் கீழே வந்தால் நெடுங்கால் உள்ளான், ரோஸ் நிறக் குச்சிக் கால்களோடு கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடக்கும். பொரி உள்ளான் இன்னும் ஓரமாக. பட்டாணி உப்புக்கொத்தி தண்ணீருக்குள் இறங்காமல் ஈரச் சேற்றில் ஓடி நின்று, ஓடி நின்று கொத்தும். அதற்கு அலகு குட்டை, கண் பெரிது. பார்த்துப் பிடிக்கிற ஜாதி. உள்ளான்களில் பல அப்படி இல்லை. அலகின் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால், சேற்றுக்குள் புழு அசைவதைத் தொட்டே கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம். ஒரு கோழி முட்டையில் பாதிகூட இல்லை. அதன் கால் உயரத்துக்கு 3, 4 செ.மீ. தண்ணீர்தான் தாங்கும்.

நிறைந்த ஏரியில் இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு இடமே கிடையாது. தண்ணீர் இறங்க இறங்கத்தான் இவற்றுக்கு இலை போடுகிறோம்.

பிப்ரவரி ஏன் முக்கியம்?

கொசு உள்ளான் முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய ரஷ்யத் தூந்திர வெளிகளில். வரைபடத்தில் அட்சரேகை வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலே சேலத்திலிருந்து 6,000 கி.மீ.க்கு மேல் வருகிறது. இந்த வகைப் பறவைகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 அக்டோபரில், சாட்டிலைட் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று அலாஸ்காவில் கிளம்பி, எங்கேயும் இறங்காமல் 11 நாளில் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. பிறந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது.

இந்தப் பயணத்துக்கு எரிபொருள் கொழுப்பு. கிளம்புவதற்கு முந்தைய சில வாரங்களில் தின்று தின்று எடையைக் கூட்டிக்கொள்ளும். நெடுந்தூரம் பறக்கும் சில இனங்கள் கிளம்பும் சமயத்தில் குடல், இரைப்பையையே சுருக்கிக்கொள்கின்றன. பறக்கும்போது தேவையில்லாத சுமை எதற்கு?

நம்ம ஏரிகளின் காலண்டரை இதோடு பொருத்திப் பாருங்கள். ஆடிக்கு அப்புறம் மழை, ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறையும். தை, மாசியில் பாசனத்துக்கு மதகு திறந்து தண்ணீர் இறங்கும். பங்குனியில் சேறு. பறவைகள் வடக்கே கிளம்புவது மார்ச், ஏப்ரலில். அதாவது அவை கொழுப்பு சேர்க்க வேண்டிய அதே வாரங்களில் சேலம், நாமக்கல் ஏரிகள் ஒவ்வொன்றாகச் சேற்றைத் திறந்துவிடுகின்றன. ஒரு ஏரி காய்ந்தால் பக்கத்து ஏரி தயாராக இருக்கும். யாரும் பறவைக்காகத் திட்டம் போடவில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் போட்ட திட்டம் அது.

தட்டா, கிண்ணமா?

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். நம்ம ஏரி பழைய அமைப்பில் ஒரு சாய்ந்த தட்டு. கரைப்பக்கம் ஆழம், உள்வாய்ப் பக்கம் மெதுவாக மேலேறும் சரிவு. தூர் வாரும்போது பல இடங்களில் அதை ஒரு கிண்ணமாக்கிவிடுகிறோம். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கரை போட்டு, நடைபாதை.

ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசு உள்ளான் நடக்கக்கூடிய 4 செ.மீ. ஆழம் வரைக்குமான பட்டையின் அகலம் 4 மீட்டர். தண்ணீர் விளிம்பு 1 கி.மீ. நீளம் என்றால் 4,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1 ஏக்கர். அதே விளிம்பை 45 டிகிரியில் வெட்டிவிட்டால் பட்டை 4 செ.மீ.தான். மொத்தம் 40 சதுர மீட்டர், சுமாராக 1 சென்ட். ஒரு ஏக்கர் நிலத்தை ஒரு சென்ட் ஆக்கியாச்சு. ஏரியில் தண்ணீர் குறையவில்லை, ஒருவேளை கூடியும் இருக்கும். போட்டோவில் பார்த்தால் அழகாகவே தெரியும்.

தூர் வாருவது தப்பு என்று சொல்ல வரவில்லை. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் சேலம் மக்கள் குழு அதை எடுத்துச் சீரமைத்தது. நடுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். கொக்கும் நீர்க்காகமும் அடைய இடம் கிடைத்தது. பெரிய வேலை அது. ஆனால் மரத்தில் அடையும் பறவைக்கு நல்லது செய்தது, வெட்டவெளியில் நின்று நாலாபக்கமும் வல்லூறு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரை தேடும் உள்ளானுக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேற வேற குடும்பம், வேற வேற தேவை.

அதேபோல மேட்டூர் உபரிநீரை சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம். 2021-ல் முதல் கட்டம் தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் ஏறினால் விவசாயி பிழைப்பார், அதை யார் வேண்டாம் என்பார்கள்? என் கவலை ஒன்றுதான். எல்லா ஏரியும் எல்லா மாசமும் நிறைந்தே இருக்கணும் என்பது இலக்கானால், மாசியில் சேறு எங்கே இருக்கும்?

வழி உண்டு, செலவும் கிடையாது. மண் எடுப்பதைக் கரையையும் மதகையும் ஒட்டிய ஆழப் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, உள்வாய்ச் சரிவை அப்படியே விட்டால் போதும். சீமைக்கருவேலத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

நீங்களும் பார்க்கணும்னா

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, காலை 6.30-க்குள் போய்விடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி உட்காருங்கள். நிற்காதீர்கள், நடக்காதீர்கள். ஆள்காட்டி கத்தினால் ஏரி முழுக்க எழும்பிவிடும். 8×42 பைனாகுலர் போதும்.

முக்கியமாக, தண்ணீர் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் மதகுப் படிகளை எண்ணுகிறேன்: எத்தனை படி வெளியே தெரிகிறது, அன்றைக்கு என்னென்ன பறவை. இ-பேர்டில் பட்டியல் ஏற்றும்போது குறிப்புப் பகுதியில் இதையும் எழுதிவிடுகிறேன். 2015-லிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆரம்பிக்க நல்ல சமயம். ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் பத்து ஏரியைச் சுற்றுவதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அரிய பறவையைப் பார்த்தால் இடத்தை உடனே வாட்ஸப்பில் போடாதீர்கள். கண்ணி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவுயிர்ச் சட்டம் இருந்தும்தான். ஏரி பேரை நான் சொல்லாததற்குக் காரணமும் அதுதான்.

பெரியவரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனூண்டு குருவி ரஷ்யாவுல இருந்துங்களா?" என்றார். அந்த ஏரியையும் தூர் வாரப் போவதாக ஊரில் பேச்சு இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். உள்வாய்ச் சரிவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அது எங்களுக்கும் வேணுமுங்க. போன தடவ அந்தப் பக்கத்து ஏரிய ஓரத்துல நட்டமா வெட்டிப்போட்டாங்க. ஆடு தண்ணி குடிக்க எறங்க முடியல, ஒரு குட்டி உள்ள விழுந்தே போயிருச்சு" என்றார்.

கொசு உள்ளானுக்காக நான் போட்ட கணக்கும் ஆட்டுக்காக அவர் போட்ட கணக்கும் ஒரே விடைக்குத்தான் வந்தது. அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். மனுவில் பறவையைப் பற்றி இரண்டு வரி, ஆட்டைப் பற்றி ஒரு பக்கம்.