மின்சாரமாக மாற்றிய காரும் அது எட்டும் தூரமும்

பழைய காரின் இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரும் பாட்டரியும் பொருத்திக்கொள்ளும் எண்ணம் நம் அன்பர் சிலருக்கு உண்டு. டில்லி அரசு 2021-ஆம் ஆண்டில், பழைய டீசல் வண்டிகளை இவ்வாறு மாற்றிக்கொள்ள வழி திறந்தது. மாற்றிய சில நாட்களிலேயே எழும் வினா ஒன்றுதான்: ஒரு தடவை மின்னேற்றினால் இன்னும் சிறிது தூரம் ஓடாதா?

“இன்னும் நாலு பாட்டரி சேர்த்துவிடலாம்” என்று பட்டறையில் சொல்லுவார்கள். இசையுமுன் கணக்குப் பார்த்தல் நலம். ஈய அமிலப் பாட்டரி, கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 முதல் 40 வாட்-மணி மின்சாரமே தேக்கும். பத்து யூனிட் வேண்டுமாயின் 250 கிலோவுக்குக் குறையாமல் சுமக்க வேண்டும். மாருதி 800 காரின் எடையே சுமார் 650 கிலோ! போதாக்குறைக்கு, அடிக்கடி பாதிக்குமேல் தீர்ந்துபோக விட்டால் இப்பாட்டரியின் ஆயுள் குறுகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியோ அதே மின்சாரத்தை மூன்றிலொரு பங்கு எடையில் தரும்; விலைதான் கூடுதல். வண்டியின் பிரேக்கும் ஸ்பிரிங்கும் கம்பெனி வகுத்த எடைக்கே அமைந்தவை. நிறுத்த வேண்டிய இடத்தில் நில்லாத வண்டி எத்தனை தூரம் ஓடினால்தான் என்ன?

செலவின்றித் தூரம் கூட்டும் வழி, வேகத்தைக் குறைப்பதே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 45-க்கு இறங்கினால், காற்றைப் பிளக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஊருக்கு மூட்டை ஏற்றிய மேற்கூரைக் காரியரையும் கழற்றி வைக்கலாம். டயரில் காற்று குறையலாகாது. ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உராய்ந்து நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த உராய்வுக்கும் பாட்டரியே கூலி கொடுக்கிறது.

வேகம் தணிக்கையில் மின்சாரத்தை மீட்டுத்தரும் ஏற்பாடும் உண்டு. நம் ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-7 இஞ்சின் அவ்வாறு கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் மலிவான சீரிஸ் வகை டி.சி. மோட்டாரில் இது எளிதன்று. மோட்டார் வாங்குமுன்னரே கேட்டறிய வேண்டும். குளிர்காலத்தில் பாட்டரி சோம்பும். இஞ்சின் சூடு இல்லாமையால் ஹீட்டரும் பாட்டரியையே உண்ணும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இம்மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. அங்கீகாரம் பெற்ற சாதனத்தையே பொருத்தி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். பிறகு தாமாக இரண்டு செல் கூட்டினால், விபத்து நேர்ந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.