பட்டத்தின் பெயரைப் பார்த்தேன், பாடங்களைப் பார்க்கவில்லை

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

என் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தவர். இரவு ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். "நான் மிஷின் முன்னால் நின்றது போதும். நீ அந்த மிஷினை உருவாக்குகிறவனாகப் போ" என்பார்.

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால், ஒரு கல்விக் கண்காட்சியில் 'டிஜிட்டல்', 'தொழில்நுட்பம்' என்று பெயர் நீண்டிருந்த ஒரு பட்டப்படிப்பில் மயங்கிப் பதிந்துகொண்டேன். பாடப்பட்டியலை ஒருமுறைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. அதில் கணிதமும் மின்னணுவியலும் பெயரளவுக்கே இருந்தன. தொழிற்பயிற்சிக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், லிட்டில் இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தையே தேர்ந்தெடுத்தேன். மூன்று மாதம் போட்டோஸ்டேட் எடுத்ததுதான் மிச்சம்.

பட்டம் பெற்றபின் பாயான் லெப்பாஸில் முதல் நேர்முகத் தேர்வு. "தொழிற்பயிற்சியில் என்ன செய்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பிறகு குறைந்த சம்பளத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, வார இறுதிகளில் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று, நான் விரும்பிய பரிசோதனைப் பிரிவுக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. கல்விக் கடனோ அதுவரை காத்திருக்கவில்லை.

மாணவர்களே, வேலைச் சந்தை மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்குப் பினாங்கே சாட்சி. 1969-இல் இங்கே சுதந்திரத் துறைமுகத் தகுதி பறிபோனதும் வேலையின்மை வாட்டியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் இங்கே தொடங்கியது. அன்று சில்லுகளைப் பொருத்தும் கைகள் தேவைப்பட்டன. இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. வடிவமைக்கவும் பரிசோதிக்கவும் தெரிந்தவர்களே தேவைப்படுகிறார்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டம், 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது.

இதைக் கேட்டதும் 'செமிகண்டக்டர்' என்ற சொல் உள்ள படிப்புக்கெல்லாம் ஓடினால், அது நான் செய்த அதே தவறுதான். கணிதமும் இயற்பியலும் உங்களுக்குப் பிடிக்குமா என்பதே முதல் கேள்வி. பிடிக்காதவர்களுக்குக் கணக்கியல், தாதிமை, சட்டம், ஆசிரியம், திவெட் எனப் பல வழிகள் உண்டு. எந்த வழியானாலும், பதிவதற்கு முன் நான்கைச் சரிபாருங்கள்.

முதலாவது, அங்கீகாரம். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் தேடுங்கள். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்கு அது மட்டும் போதாது. அந்தந்தத் தொழில் வாரியமும் அந்தப் பட்டத்தை ஏற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, பாடப்பட்டியல். ஒவ்வோர் ஆண்டும் என்னென்ன படிக்கப் போகிறீர்கள் என்று வரி வரியாகப் படியுங்கள்.

மூன்றாவது, தொழிற்பயிற்சி. எத்தனை மாதம், எந்த மாதிரி நிறுவனங்களில் என்று கேளுங்கள். வாய்ப்பு வரும்போது வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நான்காவது, முன்னாள் மாணவர்கள். அதே படிப்பை முடித்த இருவரிடமாவது இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அண்மையில் என் அக்கா மகள் யு.பி.யு. விண்ணப்பத்தோடு வந்தாள். "மாமா, எந்தப் பட்டத்துக்கு மவுசு?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல், அவள் எழுதி வைத்திருந்த மூன்று படிப்புகளின் பாடப்பட்டியலையும் இணையத்தில் திறந்தேன். இரண்டு மணி நேரம் சேர்ந்து படித்தோம். ஒன்றை அவளே அடித்துவிட்டாள். அந்த இரண்டு மணி நேரத்தை அன்று நான் செலவழித்திருந்தால், எனக்கு நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.