பழைய படகு வாங்குமுன் பதிவு எண்ணைப் பாருங்கள்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை எனக் கடலூர் மாவட்டக் கரை நெடுகப் பழைய படகுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் போடும் முதல் அது. பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள்கூட, படகு என்றால் தெரிந்தவர் சொன்ன வார்த்தையை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஃபைபர் படகா, விசைப்படகா?

குடிகாடு போல உப்பனாற்றை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கும் கரைக்கடலில் தொழில் செய்பவர்களுக்கும் ஃபைபர் படகே ஏற்றது. மணலிலேயே ஏற்றி நிறுத்தலாம். மூன்று நான்கு பேர் போதும். போன அன்றோ மறுநாள் காலையிலோ கரை திரும்பிவிடலாம். ஆனால் அதில் தங்கிப் பிடிக்க இடம் கிடையாது.

விசைப்படகில் ஐஸ், அரிசி, டீசல் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் கடலில் தங்கலாம். அதற்கேற்ற செலவும் உண்டு. கட்டி நிறுத்தத் துறைமுகம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தான் கிடக்கும். கடனுக்கான வட்டி மட்டும் ஓடும். கரையை ஒட்டிய கடல் பாரம்பரியப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது, விசைப்படகு அங்கே வலை போட முடியாது.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தமிழ்நாட்டு விதிகளின்படி 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு அனுமதி இல்லை. அப்படிப்பட்ட இன்ஜின் பூட்டிய படகு மலிவாக வந்தால், அதிகாரிகளிடம் சிக்கும் அபாயமும் சேர்ந்தே வருகிறது. சுருக்குமடி வலையோடு விற்கப்படும் படகும் அப்படித்தான். தமிழகக் கடல் எல்லையில் அந்த வலைக்கு 2000-ஆம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த இடைக்கால அனுமதி, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் பகலுக்கு மட்டும், பல நிபந்தனைகளோடு தரப்பட்டது. 'வலையோடு சேர்த்துத் தருகிறேன்' என்ற பேச்சில் லாபம் இருப்பதாகத் தோன்றினால், இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

உடலைத் தட்டிப் பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கொடுக்க ஏராளமான ஃபைபர் படகுகள் அவசரத்தில் கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றின் தரம் குறைவு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையைத்தான் தாக்கியது. எனவே படகு எந்த ஆண்டு கட்டியது, புயலில் அடிபட்டதா, எங்கே ஒட்டுப் போட்டது என்று கேளுங்கள்.

புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை. அணியத்திலிருந்து அமரம் வரை மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கணீரென ஒலிக்கும் இடம் உறுதியானது. 'பொத்' என்று மங்கி ஒலித்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மணலில் உரசும் அடிப்பகுதியில் விரிசலையும் கொப்புளத்தையும் தேடுங்கள். இன்ஜின் பூட்டும் அமரப் பலகை உளுத்திருந்தால் அழுத்தும்போது அமுங்கும். விசைப்படகு இரும்பு என்றால் தகட்டின் கனத்தைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். மரம் என்றால் கரையேற்றி, கடல்புழு துளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரையில் நிற்கும் இன்ஜின் ஓடுவதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கடலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

காகிதம் இல்லாத படகு

பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், படகில் எழுதிய எண், இன்ஜின் எண் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கடனில்லாச் சான்று வாங்குங்கள். மானியத்தில் வாங்கிய படகா, அதை இப்போது விற்க அனுமதி உண்டா என்பதையும் மீன்வளத் துறை அலுவலகத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் வரிவிலக்கு டீசலும், புயலில் படகு சேதமானால் கிடைக்கும் நிவாரணமும் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். இலங்கைக் கடற்படையிடம் படகு சிக்கினால், அங்குள்ள நீதிமன்றத்தில் உரிமையாளர்தான் ஆவணங்களோடு உரிமை கோர வேண்டும். பெயர் மாற்றாமல் விடுவது விற்றவருக்கும் ஆபத்துதான்: அந்தப் படகு விதி மீறினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்கே வரும். ஆகவே பெயர் மாற்றத்தை விற்பவரும் விடாமல் கேட்டு முடிக்க வேண்டும்.

முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் படகு எண், இன்ஜின் எண், விலை, 'பாக்கியோ வழக்கோ இல்லை' என்ற உறுதிமொழி, பெயர் மாற்றிக் கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கட்டும். சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து முன்னிலையில் பேசி முடித்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். பஞ்சாயத்துப் பேச்சால் பதிவேட்டில் பெயர் மாறாது.

ஏமாந்துவிட்டால்

படகு கட்டும் யார்டிலோ இன்ஜின் விற்பனையாளரிடமோ வாங்கிய பொருள் குறையுடையது என்றால், இரண்டு ஆண்டுக்குள் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 50 லட்சம் ரூபாய் வரையான விலைக்கு அங்கே வழக்கு நிற்கும். 'தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

இன்னொரு மீனவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த ஆணையம் பொதுவாக உதவாது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. குறையை மறைத்தும் பொய் சொல்லியும் விற்றிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். திருட்டுப் படகு என்றால், நல்லெண்ணத்தில் வாங்கினாலும் அது உங்களுடையதாகாது. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வழக்குக்குப் பணம் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சமூகத்தினர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்டவர்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

படகை வாங்கியபின் நீதிமன்றம் ஏறுவதைவிட, வாங்குமுன் மீன்வளத் துறை அலுவலகப் படி ஏறுவது எளிது. பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.